கேமராவுக்குப் பொட்டு வைக்காதீர்கள்

வீடியோ கேமரா விற்பது என்றால், அடுத்தவர் வீட்டில் ஒரே ஒரு முறை நடக்கப்போகிற காரியத்துக்கு நாம் ஜாமீன் நிற்பது என்று அர்த்தம். அரிசி சரியில்லை என்றால் வேறு அரிசி கொடுக்கலாம். சட்டை சுருங்கினால் வேறு சட்டை கொடுக்கலாம். மகள் கழுத்தில் தாலி ஏறியது பதிவாகவில்லை என்று வந்து நிற்கிறவரிடம் எதைக் கொடுப்பது? கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்குத்தான் இந்தப் பயம் புரியும். உங்களில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்து பயப்படுவோம்.

தொண்ணூறுகளின் கடைசியில், தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு மின்சாதனக் கடையில் வேலை செய்தேன். கொஞ்ச தூரத்தில் பெரிய ரயில் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பூமிக்குள் தூண் இறக்குகிற சத்தம் காலையிலிருந்து மாலை வரை 'டங், டங்' என்று கேட்கும். ஒவ்வொரு அடிக்கும் அலமாரிக் கண்ணாடி அதிரும். அலமாரி அதிர்ந்தால் நானும் அதிர்வேன். என் சுபாவம் அப்படி.

டிஜிட்டல் கேமரா அப்போதுதான் வீட்டுக்காரர்கள் வாங்குகிற விலைக்கு இறங்கி வந்திருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட். எங்களிடம் மூன்று மாதிரி இருந்தன. விலை குறைந்தவனுக்குச் 'சின்னவன்' என்றும், அதற்கு மேலே இருந்தவனுக்கு 'நடுவன்' என்றும், பூட்டிய அலமாரிக்குள் இருந்தவருக்குப் 'பெரியவர்' என்றும் நான் பெயர் வைத்திருந்தேன். வருகிறவர்கள் பெரியவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, சின்னவனைக் கையில் தூக்கி, "ஜூம் எத்தனை மடங்கு?" என்று கேட்பார்கள், நிலாவைப் படம் எடுக்கப்போகிறவர்கள் மாதிரி. அவர்கள் சந்தோஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள். எனக்கு அப்போதுதான் பயம் ஆரம்பிக்கும்.

லோரிக்கு வைத்த பொட்டு

முனியாண்டி அண்ணன் ஜெஞ்சாரோமில் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். கதவு அளவுக்குத் தோள். மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று சின்னவனை வாங்கிப்போனார். அடுத்த வாரமே கேமராவோடு திரும்பி வந்தார். 'வணக்கம்' சொல்லவில்லை. கேமராவைக் கவுண்டர்மேல் வைத்து, "போட்டுப் பாரு" என்றார்.

போட்டுப் பார்த்தேன். பந்தல் தெரிந்தது. சீர்வரிசைத் தட்டுகள் தெரிந்தன. நடுவில் மட்டும், எங்கே திருப்பினாலும், பழுப்பாக ஒரு வட்டம். வட்டத்துக்கு மேலே அந்தப் பெண்ணின் பூ ஜடை, கீழே பட்டுப் பாவாடை. முகம் மட்டும் கடைசி வரை இல்லை. அவர் திரையை விரிக்காமல், சின்னவனில் கண் வைத்துப் பார்க்கிற துளை வழியாகவே எடுத்திருக்கிறார், அதில் கறுப்பு வெள்ளைதான் தெரியும். அதனால் எடுக்கும்போது அவர் அதை ஏதோ நிழல் என்று நினைத்திருக்கிறார். கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். லென்ஸ் நடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம். புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பூஜை போடுவது நம் வழக்கம்தானே. கேமராவுக்கும் முகம் இருக்கிறது, முகத்துக்கு ஒரு நெற்றி இருக்கிறது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

இதை அந்தத் தோளுக்குச் சொந்தக்காரரிடம் எப்படிச் சொல்வது? மெதுவாக, எட்ட நின்று, லென்ஸைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பின்கதவு எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் அளந்துகொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "லோரிக்கு வெச்சப்ப ஒன்னும் ஆகலையே தங்கச்சி, இதுக்கு மட்டும் என்னா இவ்வளவு கொழுப்பு?"

தொட மாட்டேன்

அன்றிலிருந்து கேமரா வாங்குகிற தமிழர்கள் எல்லாரிடமும், "கண்ணாடியில பொட்டு வெக்காதீங்க" என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தேன். ஆனால் பயம் ஒரு வாசலை மூடினால் இன்னொரு வாசல் வழியாக வந்துவிடும்.

காஜாங்கிலிருந்து ஓர் இளைஞர் தன் நிச்சயதார்த்தத்துக்காகச் சின்னவனை வாங்கினார். நிச்சயத்துக்கு முன்பே சுங்கை பூலோவில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் இறந்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கிற மகனால் வர முடியவில்லை, அவன் பார்ப்பதற்காக எடுத்துக் கொடு என்று எல்லாரும் கெஞ்ச, இவர் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். சாவு வீட்டில் கண் திறந்த கேமரா என் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குள் வரக்கூடாது என்று அவருடைய அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். மாற்றித் தரச் சொல்லி அவர் வந்து நின்றார்.

எங்கள் முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் சரளமாக வரும். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கேமராவைக் கடைக்குள் கொண்டுவரவே விடவில்லை. வெளியே, ஆட்கள் நடந்துபோகிற அஞ்சடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதன்மேல் வைக்கச் சொன்னார். மாற்றித் தருவதற்கு முன்னால் இயந்திரம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பார்க்க வேண்டியவள் நான். அஞ்சடியில் நின்று பிளேயை அழுத்தினேன். பழகாதவர்கள் எல்லாரும் செய்வதுபோல அந்த இளைஞரும் ஜூமை நன்றாக இழுத்திருந்தார். இறந்தவர் முகம் மெல்ல மெல்லத் திரை முழுக்க நெருங்கி வந்தது. மூடிய இமைகள் மட்டும் மிச்சம். இப்போது திறந்துவிடும், இப்போது திறந்துவிடும் என்று பட்டது. கேமராவை நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். "நீங்களே எடுத்து வைங்க தவுக்கே, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "பந்தாங் லா, ஆகாது! உனக்காவது திருநீறு இருக்கு, எனக்கு என்னா இருக்கு? நீயே தொடு."

படம் வேண்டாம்

நடராஜா அங்கிள் வந்தது அந்த வாரத்தில்தான். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நடக்கிற தூரத்தில் வீடு. இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் பேனா. மற்றவர்களைப்போல ஜூமைக் கேட்கவில்லை. மூன்று கேமராக்களையும் பார்த்துவிட்டு, "இதிலை சத்தத்துக்கு எது நல்லது, பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அவர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். மனைவி பரமேஸ்வரிக்குக் குரல்வளையில் கட்டி. அடுத்து வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். உயிருக்கு நல்லதாம், ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வராது. "கட்டிலாலை எழும்பினதிலை இருந்து ஏசிக்கொண்டு திரியிற மனுசி, பிள்ளை. மீன்காரன் எங்கடை ரோட்டுக்கு வரவே பயப்பிடுவான். டாக்டர் சொன்ன நாளிலை இருந்து வாய் திறக்கிறா இல்லை" என்றார். அவர் விரல் கவுண்டர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தது.

இதற்கு நான் ஜாமீனா? தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். குரல் மட்டும்தான் வேண்டும் என்றால் சாதாரண ரேடியோ கேசட்டே போதுமே, எதற்கு இவ்வளவு செலவு என்றேன். அதைச் செய்து பார்த்துவிட்டாராம். மேசையில் வைத்துப் பேசச் சொன்னதும், நான் என்ன செய்தியா வாசிக்கப் போகிறேன் என்று மனைவி எழுந்து போய்விட்டாராம். கேமரா என்றால் லண்டனில் இருக்கிற பேத்திக்கு அனுப்ப என்று சொல்லிச் சம்மதிக்க வைக்கலாம். உண்மைக் காரணத்தைச் சொன்னால் இருவருமே உடைந்துவிடுவோம் என்று அவருக்குப் பயம். "நாற்பது வருசமாய் என்னை 'இஞ்சாருங்கோ' எண்டுதான் கூப்பிடுறா. படம் அல்பத்திலை நிறையக் கிடக்கு, பிள்ளை. எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

முணுமுணுப்பு

மூன்றையும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. நான் மூன்றிலும் கேசட் போட்டேன். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று ஒவ்வொன்றிலும் பேசிப் பதிவு செய்தேன். நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து வெளியே 'டங்' என்று தூண் இறங்கும். திரும்பவும் முதலிலிருந்து பேச வேண்டும். தவுக்கே பொறுமை இழந்து பார்த்தார். அங்கிள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டார்.

பெரியவரில் பதிவான குரல் கணீரென்று இருந்தது. விலையைக் கேட்டதும் அங்கிள் மரியாதையாக அதைத் தள்ளி வைத்தார். சின்னவன்மேல்தான் அவருக்கு ஆசை, ஏனென்றால் அவன்தான் கைக்கு எட்டுகிறவன். ஆனால் சின்னவனுக்கு மைக் கேசட் சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. பேச்சுக்குப் பின்னால் ஓர் 'உர்ர்ர்' விடாமல் ஓடியது. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கு நடுவில் அது தெரியாது. அமைதியான வீட்டில் ஒருவர் பேசினால் நன்றாகத் தெரியும். விற்பனை போனாலும் போகட்டும் என்று அதைச் சொல்லிவிட்டேன். பின்னால் வந்து நிற்கப்போகிற பயத்துக்கு இந்தப் பயம் மேல். நடுவனுக்கு மைக் முன்பக்கம் இருந்தது, லென்ஸுக்கு நேர் கீழே மெல்லிய கீறல்களாக. எடுத்ததை அங்கேயே கேட்க ஒரு குட்டி ஸ்பீக்கரும் உண்டு. அங்கிள் நடுவனை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். "வீட்டுல பூஜை போட்டா கண்ணாடியில மட்டும் பொட்டு வெச்சிடாதீங்க அங்கிள்" என்று வழக்கம்போலச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, சின்னவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பாவம், விலை குறைவுதான். ஆனா இது என்ரை மனுசியை விடக் கூட முணுமுணுக்குது, பிள்ளை."

நூறு வருடம் பின்னால்

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. போதாததற்குக் கிள்ளானிலிருந்து ஒரு புடவைக்கடைக்கார அம்மாள் பை நிறையக் கேசட்டோடு வந்தார். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப்போகும் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. விமானம் விழும், வங்கி மூடும், விளக்கு அணையும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இந்த அம்மாவுக்குத் தன் மகள் கல்யாணக் கேசட் அழிந்துவிடுமோ என்று பயம். டிஜிட்டல் என்றாலே கம்ப்யூட்டர்தானே என்றார்.

கேசட்டுக்கு ஒன்றும் ஆகாது, மிஞ்சிப்போனால் மூலையில் வருகிற தேதிதான் தப்பாகக் காட்டும் என்று தைரியமாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணம் போனால் போகட்டும், அங்கிள் கேசட்? அந்தக் குரலும் அழிந்துவிட்டால்? தவுக்கேயைக் கேட்டேன். அவர் கம்பெனிக்காரர்களைக் கேட்டார். அவர்கள் ஒன்றும் ஆகாது என்றார்கள். அவர்கள் குரலிலும் ஒரு நடுக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. புடவைக்கடை அம்மாள் கேசட்டுகளை மறுபடி பைக்குள் அடுக்கினார், ஆனால் முகம் தெளியவில்லை. "கல்யாணம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல நடந்ததா காட்டுச்சுன்னா, எங்க சம்பந்தியம்மா என்னை சும்மா விடுவாங்களா?"

சிவப்பு விளக்கு

வியாழக்கிழமை அங்கிள் வந்தார். கேமரா நன்றாக வேலை செய்கிறது, பரமேஸ்வரி ஆன்டிதான் வேலை செய்யவில்லை என்றார். பதிவாகும்போது கேமரா முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்த உடனே ஆன்டி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, மேடையில் நன்றியுரை சொல்கிறவரைப்போல ஆகிவிடுகிறாராம். கேசட்டைப் போட்டுக் காட்டினார். நெற்றியில் பெரிய பொட்டோடு ஓர் அம்மாள், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "பேத்திக்கு எங்கள் அன்பும் ஆசியும்" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். குரலில் ஏற்கெனவே ஒரு கரகரப்பு. கண் மட்டும் அந்த விளக்கையே பார்த்து மிரண்டிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பேத்திக்கு என்பதை அவர் நம்பவே இல்லை. எதற்கு எடுக்கிறார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அங்கிளிடம் அதைச் சொல்லவில்லை. மின்கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பில் ஒரு துண்டு வெட்டி, சிவப்பு விளக்கின்மேல் ஒட்டிக் கொடுத்தேன். சமையலறை மேசையில் சும்மா இருப்பதுபோல வைத்துவிட்டு, அழுத்திவிட்டு, நீங்கள் வழக்கம்போல ஏதாவது தப்புச் செய்யுங்கள் என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். "கேமராவைக் கண்டால் மனுசிக்கு மரியாதை வந்திடுது, பிள்ளை. என்னைப்போய் 'அவர்' எண்டு சொல்லுறா, எனக்கு ஆரையோ சொல்லுற மாதிரிக் கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை

கடையைத் திறந்து தவுக்கே ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். அங்கிள் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார். வெளியே டாக்சி நின்றது. பின்சீட்டில் ஆன்டி, மடியில் துணிப்பை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், கேசட் வாங்க வேண்டும் என்று பொய் சொல்லி நிறுத்தியிருக்கிறார். கேமராவைக் கவுண்டர்மேல் வைத்தார். "சத்தம் வரேல்லை, பிள்ளை" என்றார்.

போட்டுப் பார்த்தேன். சமையலறை. ஆன்டி அடுப்படியில் நிற்கிறார், கரண்டியை ஆட்டி ஆட்டி ஏதோ ஏசுகிறார். நாங்கள் நினைத்தபடியே எல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் சத்தம் மட்டும் மூடிய பானைக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு சொல்லும் பிடிபடாமல், மொத்தமாக 'ம்ம்ம்' என்றிருந்தது. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து சனிக்கிழமை இரவு வரை எடுத்தது அத்தனையும் இப்படித்தான். ஆன்டி பக்கத்திலேயே இருந்ததால், இன்று காலை அவர் குளிக்கப் போனபோதுதான் போட்டுக் கேட்க முடிந்ததாம். கேமராவைத் திருப்பினேன். லென்ஸ் பளிச்சென்று இருந்தது. லென்ஸுக்குக் கீழே, மைக் கீறல்களை முழுக்க மூடிக்கொண்டு, சந்தனம். அதன்மேல் அழகாகக் குங்குமம்.

வெள்ளிக்கிழமை பூஜையில் ஆன்டி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் வைத்தாராம்: கதவு, ஃப்ரிட்ஜ், தையல் மெஷின், அங்கிளுடைய சைக்கிள். திரும்பி வர வேண்டும் என்ற பயத்தில் ஒன்றையும் விடவில்லை. கண்ணாடியில் வைக்கக்கூடாது என்று கடைப் பிள்ளை சொன்னது அங்கிள் மூலம் போயிருக்கிறது. அதனால் கவனமாகக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்.

பல்குத்தும் குச்சியை எடுத்தேன். குத்தினால் உள்ளே போய்விடும், குத்தாவிட்டால் வராது. துளித்துளியாகக் கிளறினேன். அங்கிள் மூச்சு என் தலைமேல் பட்டது. வெளியே டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தார். மேலே இருந்ததெல்லாம் வந்துவிட்டது, கீறலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. பேசிப் பார்த்தால்தான் தெரியும். பதிவானதற்குப் பிறகு வெற்றாக இருந்த இடத்துக்குக் கேசட்டை ஓட்டி, பதிவை அழுத்தினேன். "ஒன்று" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடைக் கதவு படாரென்று திறந்தது.

"என்ன செய்யிறியள் இவ்வளவு நேரம்? டாக்சிக்காரன் மீட்டரைப் பாத்துக்கொண்டிருக்கிறான்!"

ஆன்டிதான். நான் கேமராவை நெஞ்சோடு பிடித்தபடி நின்றுவிட்டேன். சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியபடியே இருந்தது. பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். படத்தில் தவுக்கேயின் செருப்புதான் விழுந்திருக்கும், அதைப்பற்றி யாருக்குக் கவலை? அசைந்தால் கெட்டுவிடும் என்று மூச்சைக்கூட அடக்கினேன். தவுக்கே ஏதோ சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். சத்தமில்லாமல் சுவர்ப்பக்கம் போய் மின்விசிறியை அணைத்தார். டிவியையும் அணைத்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தூண் இறக்குகிற சத்தமும் இல்லை.

ஆன்டி அங்கிளை ஏசினார். ஃபிளாஸ்க்கை மறந்ததற்கு ஏசினார், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க மறந்ததற்கு ஏசினார். கேமரா வாங்கின காசுக்கு வேறு என்னென்ன செய்திருக்கலாம் என்று சொன்னார். இந்தப் பிள்ளைக்கும் வேறு வேலை இல்லை என்று எனக்கும் ஒரு பங்கு வைத்தார். அங்கிள் கோயிலில் நிற்கிறவர்போல நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று ஆன்டியின் குரல் இறங்கியது. "எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்களும் என்னை டாக்சிக்குள்ளை விட்டிட்டு இஞ்சை வந்து நிண்டால் நான் ஆரோடை இருக்கிறது?"

அங்கிள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். நான் கேமராவை நிறுத்திப் பைக்குள் வைத்துக் கொடுக்க நினைத்தேன், கை பொத்தான்மேல் நின்றது. ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி, பேசியது போதும் என்று ஒரு தெருவுக்கே கேட்கிற குரலில் கடைசியாகக் கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ! கதைச்சது காணும், வாருங்கோ!"

ஸ்பீக்கர்

கேமராவை அவர் கையில் திணித்து அனுப்பிவிட்டேன். பதிந்ததைப் போட்டுக் கேட்க நேரமில்லை. டாக்சி போன பிறகுதான் அது உறைத்தது. கீறலுக்குள் சந்தனம் மிச்சமிருந்தால்? அதுவும் 'ம்ம்ம்' என்றிருந்தால்? திங்கட்கிழமை போனது, செவ்வாய் போனது. அங்கிள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்க எனக்குத் தைரியமில்லை. குரல் பதியவில்லை என்று சொன்னால் என்ன செய்வேன்? அதைவிடப் பெரிதாக ஏதாவது சொன்னால் என்ன செய்வேன்? ஆஸ்பத்திரிக் கதை நமக்குத் தெரியாதா? மாதக்கணக்கில் அந்த ரோட்டைத் தவிர்த்துச் சுற்று வழியில் வேலைக்குப் போனேன்.

ஒரு நாள் மத்தியானம் அங்கிள் கடைக்குள் வந்தார். தனியாக வந்தார். இளைத்திருந்தார். நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அவருக்குப் பின்னால் கதவு மெதுவாகத் திறந்தது. ஆன்டி! கழுத்தைச் சுற்றி ஒரு பூப்போட்ட துணி, தோளில் கேமராப் பை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என்னை அறியாமல் நான் கைகூப்பினேன்.

அங்கிள்தான் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேச வேண்டியிருக்கிறது போலும். இந்தக் கேசட்டைப் பெரிய கேசட்டுக்குப் பிரதி எடுக்க முடியுமா, எத்தனை பிரதி எடுத்து வைப்பது நல்லது, இரண்டாயிரம் பிறந்தால் ஏதும் ஆகுமா என்று கேள்விமேல் கேள்வி. நான் பதில் சொன்னேனே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரல் பதிவாகியிருந்ததா என்று மட்டும் கேட்கவில்லை. அவர் அடுத்து மீன் விலைக்குப் போனார், டாக்டரின் நல்ல குணத்துக்குப் போனார். தவுக்கே ஒரு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார், அங்கிள் அதில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

கதவருகில் நின்ற ஆன்டி பொறுமை இழந்து அவரைப் பார்த்தார். காலைத் தரையில் தட்டினார். அவர் கவனிக்கவில்லை. ஆன்டி பையைத் திறந்து கேமராவை எடுத்தார், பழகின கை, சின்னத் திரையை விரித்தார், எந்த இடம் என்று தேடவே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் தவுக்கேயின் செருப்பு. குட்டி ஸ்பீக்கரிலிருந்து, கொஞ்சம் சந்தனம் அடைத்து, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, ஆன்டியின் குரல் வந்தது. அங்கிள், "வாறன், வாறன்" என்று பதறி எழுந்து நடந்தார், நாற்பது வருடமாக நடந்ததுபோலவே. "இஞ்சாருங்கோ! கதைச்சது காணும், வாருங்கோ!"

ஆகவே, வீட்டுக்குக் கேமரா வாங்கப் போகிறவர்களே, விலையைப் பாருங்கள், ஜூமையும் வேண்டுமானால் பாருங்கள், ஆனால் பொட்டை மட்டும் தயவுசெய்து வீட்டில் இருக்கிற மனிதர்களின் நெற்றியிலேயே வைத்துவிடுங்கள்.